செப்டம்பர் 12 தேதித் தாள்

அப்பா பேரில் ஊரில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. 2008-இல் புறவழிச்சாலைக்காக அதை எடுத்துக்கொண்டார்கள். இழப்பீடு போதாது என்று அப்பா வழக்குப் போட்டார். தீர்ப்பைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. சார்பு நீதிமன்றம் நிலத்தின் மதிப்பில் நான்கு லட்சம் கூட்டிக் கொடுத்தபோது நான் இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் இருந்தேன். பணத்தை வாங்கச் சித்தப்பாவுக்குப் பவர் எழுதி, கிரேஞ்ச் ரோடு இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்தப் பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

அப்புறம் நிலஎடுப்பு அலுவலகத்தின் கணக்குத் தாள் வந்தது. வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். எங்களுடையது 1894-ஆம் ஆண்டு நிலஎடுப்புச் சட்டப்படி நடந்த வழக்கு. நிலத்தைச் சுவாதீனம் எடுத்த, அதாவது அரசு கைப்பற்றிய நாளிலிருந்து முதல் வருடம் 9 சதவீதம் வட்டி, அதற்கு மேல் பணம் கட்டும் நாள்வரை 15 சதவீதம். அவர்கள் நான்கு லட்சத்துக்கு மட்டும் வட்டி போட்டிருந்தார்கள். அதன்மேல், நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதற்காகக் கூடுதலாகத் தரும் 30 சதவீத ஆறுதல் தொகை, 1,20,000 ரூபாய், வட்டிக் கணக்கில் இல்லவே இல்லை. ஆறுதல் தொகைக்கும் வட்டி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2001-இலேயே சொல்லிவிட்டது. 15 சதவீதம் ஓடும் ஒவ்வொரு வருடமும் எங்களுக்கு 18,000 ரூபாய் குறைகிறது! அப்பா வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தது கண்முன் வந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இன்னொரு தவறும் இருந்தது. சுவாதீன நாளை விட்டுவிட்டு, இழப்பீட்டு உத்தரவு போட்ட 2009-இலிருந்து வட்டியைத் தொடங்கியிருந்தார்கள். சித்தப்பாவிடம் கேட்டேன்.

"குறுவை கதிர் முத்தி நிக்கும்போது மிஷினை இறக்கினாங்கப்பா. எப்படி மறப்பேன்?"

மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். தினக் காலண்டரில் கிழித்த தாள், செப்டம்பர் 12, 2008, வெள்ளிக்கிழமை. ஓரத்தில் அப்பாவின் கையெழுத்தில் 'வயல் போச்சு' என்று இருந்தது.

அந்தத் தாள் சாட்சியாகாது என்றார் வக்கீல். ஆனால் எந்தத் தேதிக்குரிய ஆவணத்தைக் கேட்பது என்று தெரிந்தது. சுவாதீனம் எடுத்த பதிவின் நகலை வாங்கி, தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லிப் போடும் நிறைவேற்று மனுவில் இரண்டு தவறையும் எழுதிக் கொடுத்தோம். நீதிமன்றம் ஏற்றது. 2019-இல் திருத்திய தொகையைக் கட்டினார்கள்.

காலண்டர் தாளைச் சித்தப்பா கடிதத்தில் வைத்து அனுப்பியிருக்கிறார். அப்பா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.