றோஸ்மீட் பிளேஸ் வீட்டில் அம்மாவோடு

வெள்ளவத்தையில் சொந்த வீடு இருக்க, கறுவாத்தோட்டத்தில் காசு கட்டி அறை எடுத்துத் தங்குவதா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னேன். றோஸ்மீட் பிளேஸில் இருக்கும் அந்தப் பண்டாரநாயக்க குடும்பத்து வீடு, ஹோட்டலாக மாறுவதற்கு முதலே எனக்குப் பெயரளவில் தெரிந்த வீடு, இந்த நாட்டின் அரசியலைத் தமிழில் வாசித்த எவருக்கும் தெரிந்த வீடு, அதற்குள் ஒருதரம் இருந்து பார்க்க வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. ரொறன்ரோவிலிருந்து தங்கச்சி வந்து நின்றாள். அவள்தான் அறைகளைப் பதிவு செய்தாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம்.

வீட்டின் பெயர் டின்டஜல். 1946இல் சர் சொலமன் டயஸ் பண்டாரநாயக்க தன் மகன் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவுக்கும் மருமகள் சிறிமாவோவுக்கும் வாங்கிக் கொடுத்த மாளிகை இது. 1956இல் பிரதமரான பிறகும் அந்த மகன் இங்கேயேதான் இருந்தார். பிறகு சிறிமாவோ 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரானதும், அவர்களின் மகள் சந்திரிகா ஜனாதிபதியானதும் எல்லாருக்கும் தெரியும். இப்போது அதை ஹோட்டலாக்கியிருப்பவர் 'பாரடைஸ் றோட்' உதயசாந்த் பெர்னாண்டோ. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பழைய அலுவலகத்தை கலரி கஃபே ஆக்கியவரும் அவர்தான், அங்கே போனவர்களுக்கு அந்தக் கறுப்பு வெள்ளைக் கை உடனே பிடிபடும். இங்கும் அதே கைதான். கறுப்பு, வெள்ளை, சாம்பல், பழைய மரத் தளபாடங்கள், சுவரில் ஓவியங்கள், வெளிச்சத்தை அளந்து விட்டிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, வீடு இன்னும் வீடாக இருப்பதுதான். பழைய கட்டடங்களை ஹோட்டலாக்கும்போது பல இடங்களில் முன்சுவரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே முழுக்க இடித்துக் கட்டுவார்கள், அப்புறம் உள்ளே போனால் டுபாயா சிங்கப்பூரா என்று தெரியாது. இங்கே அறைகள் கொஞ்சம்தான். கூரை உயரம், சுவர் தடிப்பு. கொழும்பு வெக்கைக்கு அந்தக் காலத்தவர்கள் கண்ட வழி அதுதானே, சூடு மேலே போய்விடும், எதிரெதிரே கிடக்கும் கதவு யன்னலைத் திறந்தால் காற்று வீட்டைக் குறுக்கறுத்துப் போகும். பின்னேரம் ஏசியை நிறுத்திவிட்டு யன்னலைத் திறந்து வைத்தோம், தங்கச்சி அப்படியே நித்திரையாகிவிட்டாள். காலையில் இடியப்பமும் சொதியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம், சாப்பாட்டைப் பற்றி அவ்வளவு போதும்.

நான் போனது விறாந்தைக்காக.

1959 செப்டம்பர் 25, காலை. பிரதமர் வழக்கம்போல வந்தவர்களைப் பார்க்க விறாந்தைக்கு வருகிறார். இன்றைக்கு ஒரு பிரதேச சபை உறுப்பினரைப் பார்ப்பதற்கே எத்தனை பேரைத் தாண்ட வேண்டும், அன்றைக்குப் பிரதமரின் வீட்டு விறாந்தையில் யாரும் வந்து குந்தியிருக்கலாம். வந்திருந்தவர்களில் தல்துவே சோமாராம என்ற பிக்குவும் ஒருவர், ஆயுர்வேதக் கண் வைத்தியர். பிரதமர் அவரை வணங்குகிறார், அவர் காவியுடைக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறார். அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் பண்டாரநாயக்க இறந்துபோகிறார், சுட்டவர்மீது இரக்கம் காட்டும்படி மக்களிடம் கேட்டுவிட்டுத்தான். சோமாராமவை 1962இல் தூக்கிலிட்டார்கள்.

இந்தக் கதை கொழும்பில் எல்லாருக்கும் தெரியும், ஓட்டோக்காரர்கூட றோஸ்மீட் பிளேஸ் என்றதும் அதைத்தான் சொன்னார். ஆனால் அதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இதே வாசலில் நடந்த இன்னொன்றைப் பற்றிக் கதைப்பவர்கள் குறைவு. தமிழர் நாங்களாவது அதைக் கதைக்க வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தது, காலிமுகத் திடலில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்து அடி வாங்கினார்கள். 1957 ஜூலை 26இல் அதே பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள், பிரதேச சபைகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம் என்று. இன்றைக்கு எடுத்து வாசித்தால் இவ்வளவு கொஞ்சத்தையா கேட்டோம் என்றிருக்கும். 1958 ஏப்ரல் 9இல் பிக்குகள் பெருங்கூட்டமாக வந்து இந்த வீட்டின் முன்னால் உட்கார்ந்தார்கள். ஒப்பந்தத்தைக் கைவிடுவதாக எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் எழும்பிப் போனார்கள். அடுத்த மாதமே கலவரம். அகதிகளாகிப்போன தமிழரைக் கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு ஏற்றி அனுப்பினார்கள்.

அந்தக் கப்பலில் போனவர்களில் அம்மாவும் ஒருவர், அப்போது சின்னப் பிள்ளை. தாத்தா அரசாங்க கிளாக். அம்மாவுக்கு அதில் ஞாபகமிருப்பது கப்பலில் கொடுத்த பாணும், தன்னுடைய ஒரு செருப்பு தொலைந்துபோனதும்தான். விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, நான் இதையெல்லாம் சொன்னேன். அம்மா கேற்றையும் வளவையும் ஒருதரம் பார்த்துவிட்டு, "அப்ப இஞ்ச இருந்து கையெழுத்து வைச்சதுக்குத்தான் எங்கட அப்பா வீட்டைப் பூட்டிப்போட்டு ஓடினவரோ?" என்று கேட்டார். "ஓமம்மா, அப்பிடித்தான்" என்றேன். "நல்ல வீடு. வடிவா வைச்சிருக்கினம்" என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார், இரண்டையும் மனதாரத்தான் சொன்னார்.

தங்கச்சிக்கு அது தாங்கவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் மெத்தை போட்டு விருந்தாளிகளைப் படுக்கவைப்பது சரியா, நூதனசாலையாக்கியிருக்க வேண்டாமா என்று இரவு வெகுநேரம் வாதாடினாள். நான் ஹோட்டலின் பக்கம் நின்றேன், இப்போதும் நிற்கிறேன். இந்தப் பழைய வீடுகளுக்குக் கூரை ஓடு மாற்ற வேண்டும், கறையானைப் பார்க்க வேண்டும், மழை ஈரம் ஏறாமல் சுவரைப் பார்க்க வேண்டும், அதற்கு ஆண்டு முழுக்கக் காசு வேண்டும். எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கைகளைப் பாருங்கள், மாமரமும் முன் விறாந்தையுமாக இருந்த ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்து அந்த இடத்திலெல்லாம் அடுக்குமாடி எழும்பிவிட்டது, யார் எந்த வீட்டில் இருந்தார்கள், எந்த வீட்டை 83 கலவரத்தில் எரித்தார்கள் என்று காட்ட ஒரு தூண்கூட இல்லை. இங்கே தூண் நிற்கிறது, வாசல் நிற்கிறது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து இதுதான் இடம் என்று என்னால் காட்ட முடிந்தது. இடித்து மாடி கட்டியிருந்தால் எதைக் காட்டியிருப்பேன்?

விலை கூடத்தான், மறைக்கவில்லை. எங்களைப்போல பலரால் அடிக்கடி முடியாது. தங்க வசதி இல்லாவிட்டால் சாப்பிடவோ தேத்தண்ணி குடிக்கவோ வரலாமா என்று முன்கூட்டியே அழைத்துக் கேளுங்கள். போகும் முன் பண்டா செல்வா ஒப்பந்தத்தைக் கட்டாயம் வாசித்துவிட்டுப் போங்கள், சின்ன ஆவணம்தான், கால் மணித்தியாலம் போதும். பிள்ளைகள் கூட வந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பக்கத்தில் கின்சி வீதியில் மணியும்பதி இருக்கிறது, ஒரு தமிழ்க் குடும்பத்தின் பழைய வீடு, அதுவும் இப்போது ஹோட்டல்தான். அடுத்தமுறை தங்கச்சி வரும்போது அங்கே போவதாகப் பேச்சு, அப்போது பெரியம்மாவும் வருகிறாராம்.