நான்கு கேள்விக்குறிகள்

மார்ச் 4
பழைய அஞ்சல் சேவை 31ஆம் தேதியோடு மூடப்படுகிறது. சென்ற வாரம் ஒரு நகலெடுப்பு நிரலைக் கொண்டு புதிய கணக்குக்கு மாற்றிய கோப்புறைகளில் ஒன்றுகூடத் தமிழ்ப் பெயருடன் வரவில்லை. தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் நிரலின் இடப்பக்கம் முழுவதும் ஆம்பர்சாண்டில் (&) தொடங்கிச் சிறுகோட்டில் (-) முடியும் ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக இருக்கிறது. அண்ணனின் கோப்புறை எது என்று தெரியவில்லை.

மார்ச் 5
காரணம் பிடிபட்டது. அஞ்சல் நிரலும் சேவையகமும் பேசிக்கொள்ளும் ஐமேப் நெறிமுறையில் தமிழ்ப் பெயர் நேராகச் செல்வதில்லை. யூடிஎஃப்-7 என்ற குறியாக்கத்தின் திருத்திய வடிவத்தில், ஆம்பர்சாண்டுக்கும் சிறுகோட்டுக்கும் இடையே பேஸ்64 எனப்படும் ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக மாறித்தான் செல்கிறது. நகலெடுத்த நிரல் இதை அறியாமல், ஆம்பர்சாண்டையும் பெயரின் ஓர் எழுத்தாகக் கருதி மறுபடியும் குறியாக்கம் செய்துவிட்டது. இரண்டு முறை பூட்டியதை அஞ்சல் நிரல் ஒருமுறை மட்டுமே திறக்கிறது.

மார்ச் 6
இரவு ஒரு மணி வரை அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ்ப் பெயர்கள் எல்லாம், ஆம்பர்சாண்டை விட்டுவிட்டால், 'சி' என்ற ஆங்கில எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஒருங்குறி, தமிழுக்கு ஒதுக்கிய பகுதி அப்படி அமைந்திருக்கிறது. அடுத்து வருவது 7 என்றால் வகரம், 'வீடு' அதுதான். 6 என்றால் மகரம், 'மருத்துவமனை'. அகரத்துக்கு 4. அப்படி இரண்டு கோப்புறைகள் இருக்கின்றன: ஒன்று 'அம்மா', மற்றது 'அண்ணன்'.

மார்ச் 9
அம்மா இன்றும் அண்ணனின் கடிதத்தைக் கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

மார்ச் 11
பெயர்களைக் கையால் திருத்தினேன். 'அண்ணன்' திறந்தது. உள்ளே 2001, 2002ஆம் ஆண்டுக் கடிதங்கள் உள்ளன, ஆனால் ஒரு சொல்லையும் படிக்க முடியவில்லை. கோப்புறையைப் பழுதுபார்க்கும் பொத்தானை இருமுறை அழுத்தியும் பயனில்லை. அது அட்டவணையைத்தான் புதிதாக எழுதும், கடிதம் சேமிக்கப்பட்டிருக்கும் எண்களை, அதாவது பைட்டுகளை, தொடாது. கடிதங்கள் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் எழுதப்பட்டவை. எந்தக் குறியாக்கம் என்ற குறிப்பே தலைப்பில் இல்லாததால், நிரல் அவற்றை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளாகக் காட்டுகிறது. கெட்டுப்போகவில்லை, பெயர்ச்சீட்டுதான் இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு அது போதவில்லை, எனக்கும் போதவில்லை.

மார்ச் 12
நானே எழுதிய மாற்றுப் பட்டியல் தவறிவிட்டது. திஸ்கியில் கொம்பு, கண்ணுக்குத் தெரிகிறபடியே, மெய்க்கு முன்னால் வருகிறது. ஒருங்குறியில் பின்னால் வரவேண்டும். இடம் மாற்றாமல் விட்டதால் 'செய்தி' என்ற சொல்லின் கொம்பு, மெய் இல்லாத இடத்தைக் காட்டும் புள்ளி வட்டத்தை ஒட்டித் தனியே நின்றது. குறியாக்கத்தை மாற்றித்தரும் லினக்ஸின் ஐகான்வ் கட்டளைக்குத் திஸ்கி தெரியும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பதினோரு கடிதங்கள் சீராகிவிட்டன.

மார்ச் 14
பன்னிரண்டாவது கடிதம்தான் அம்மா கேட்பது. அது மூலம் அன்று, 2002இல் நானே இன்னொரு முகவரிக்குத் திருப்பி அனுப்பிய நகல். அனுப்பும்போது அன்றைய நிரல், தான் அறியாத ஒவ்வொரு பைட்டையும் கேள்விக்குறியாக மாற்றியிருக்கிறது. கோப்பைத் திறந்து எண்களாகவே பார்த்தேன். எழுத்து இருக்கவேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறியின் எண்: 63, 63, 63. இதை மீட்க எந்தக் கட்டளையும் இல்லை. கடைசி வரியில் நான்கு கேள்விக்குறிகள் தனியே நிற்கின்றன. ஒருங்குறியில் 'அண்ணன்' ஆறு குறிகள்; திஸ்கியில் ண், ன் ஒவ்வொன்றும் ஒரே குறி என்பதால், பள்ளியில் எண்ணியதுபோலவே நான்கு. அது அவர் கையொப்பம்.

மார்ச் 15
நான்கு.

மார்ச் 19
பழைய சேவையகத்தில் நான் சந்தா சேராத, அதாவது நிரலில் காட்டும்படி குறிக்காத, கோப்புறைகளும் இருக்கக்கூடும். நகலெடுத்த நிரல் சந்தா உள்ளவற்றை மட்டுமே கேட்டு வாங்கியிருக்கிறது. முழுப் பட்டியலையும் கேட்டேன். எட்டுக் கோப்புறைகள் கூடுதலாக வந்தன. அவற்றில் ஒன்று 'சி', 4 என்று தொடங்குகிறது.

மார்ச் 20
மூலம் இருக்கிறது. பைட்டுகளில் 63 இல்லை. ஐகான்வ் ஓடி முடிந்தது. அம்மா இன்னும் விழித்திருக்கிறார். படித்துக் காட்டப் போகிறேன்.