1/16 அளவில் ஒரு மதராஸ் சாப்பர்: இம்பால் சாலை, ஜூன் 1944

ஜெர்மன் டேங்க் வீரர்களும் அமெரிக்கப் பாராட்ரூப்பர்களும் எந்த அளவில் கேட்டாலும் கிட்டாக, அதாவது ஒட்டி வண்ணம் தீட்டும் சிறு மாடல் உருவங்களாகக் கிடைக்கிறார்கள். 1780ல் தொடங்கிய, ராணுவத்தின் பொறியியல் படையான மதராஸ் சாப்பர்ஸில், பட்டாளமே 'தம்பி' என்று அழைத்த ஒரு வீரரை நான் தேடிய வரையில் பெட்டியில் காணோம். அதனால் எபாக்ஸி புட்டியில் (இரண்டு பாகங்களைப் பிசைந்தால் இறுகும் களிம்பு) நானே செய்து கொண்டிருக்கிறேன். உடல், உடை, முகம் முடிந்துவிட்டன. தரைத்தளம் பாதிக்கு மேல் வந்திருக்கிறது.

கோஹிமாவிலிருந்து இம்பால் போகும் மலைச்சாலையை எடுத்துக்கொண்டேன். 1944 ஜூன் 22 அன்று 109வது மைல்கல் அருகே 2வது பிரிட்டிஷ் டிவிஷனும் 5வது இந்திய டிவிஷனும் சந்தித்தபோதுதான் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட இம்பால் முற்றுகை உடைந்தது. நல்ல மழைக்காலம். அந்தச் சேற்றில் லாரி புதையாமல் போக வேண்டுமே, அது சாப்பர்களின் பாடு. ஆகவே என் ஆள் கையில் மண்வாரி. லீ-என்ஃபீல்டு துப்பாக்கி முதுகில் குறுக்கே தொங்குகிறது. 113 செ.மீ. நீளத் துப்பாக்கி இந்த அளவில் 7 செ.மீ. வரும்.

ஆளின் உயரம் 105 மி.மீ., அதாவது நிஜத்தில் 168 செ.மீ. செம்புக் கம்பியில் எலும்புக்கூடு. பாதத்துக்குக் கீழே கம்பியை நீளமாக விட்டிருக்கிறேன், பின்னால் தளத்தில் குத்தி நிறுத்த அதுதான் பிடி. புட்டியின் இரண்டு பாகங்களையும் சம அளவில் பிசைந்து, முதலில் உடை இல்லாத உடம்பை மட்டும் செய்து ஓர் இரவு இறுக விட்டேன். உடையை அதற்கு மேல் மெல்லிய படலமாகப் போர்த்தினால்தான் துணிக்குள் ஆள் இருப்பது தெரியும். மடிப்புகள் எங்கிருந்தோ வருவதில்லை. அக்குள், முழங்கை, தொடை இடுக்கு, முழங்காலின் பின்பக்கம், இங்கிருந்துதான் கிளம்புகின்றன. மண்வாரியை ஊன்றி நிற்பதால் வலது தோள் ஏறியிருக்கிறது, சட்டை இடுப்பிலிருந்து அந்தத் தோளை நோக்கிச் சாய்வாக இழுபடுகிறது. அந்த ஓர் இழுவை சரியாக வந்ததும் உருவத்துக்கு எடை வந்துவிட்டது.

ஸ்லவுச் தொப்பியின் அகன்ற விளிம்பை நான்கு பக்கமும் இறக்கியே விட்டிருக்கிறேன். மழையில் அதை யார் மடித்துக் குத்தப் போகிறார்கள்?

முகத்துக்கு ஆயில் பெயின்ட். செய்முறைகள் பெரும்பாலும் வெள்ளைத் தோலுக்கு எழுதப்பட்டவை. அவற்றைப் பார்த்துக் கருத்த தோலில் வெள்ளை கலந்து ஹைலைட் வைத்தால் சாம்பல் பூசியது போல வெளுத்துப் போகும். நான் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பை அடிப்படையாக வைத்து, முகத்தின் மேடுகளுக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் மஞ்சள் ஓக்கரும், பள்ளத்துக்கு அல்ட்ராமரீன் நீலமும் சேர்த்தேன். கருத்த தோலில் வெளிச்சம் நிறமாக வருவதைவிட மினுக்காக வருவதே அதிகம். கன்ன எலும்பிலும் மூக்கு நுனியிலும் லேசாக மினுங்கும் சாட்டின் வார்னிஷ் ஒரு பொட்டு வைத்ததும் முகம் உயிர்த்துக் கொண்டது. இந்த முகத்துக்காகத்தான் மொத்த வேலையும்.

அதிகம் யோசிக்க வைத்தது உடை. வழக்கமாக மேலிருந்து வெளிச்சம் விழுவதாக வைத்து, தோளை வெளிறவும் கீழ்ப்பகுதியைக் கருக்கவும் செய்வோம். மழை தொடங்கிச் சில நிமிடங்களே ஆன ஆளுக்கு அது பொருந்தாது. முதலில் நனைவது தோளும் முதுகும் முன்கையும்தான். காய்ந்த பருத்தியில் இழைகளுக்கு நடுவே காற்று இருப்பதால் ஒளி சிதறி வெளிறித் தெரிகிறது. தண்ணீர் புகுந்ததும் சிதறல் குறைந்து நிறம் கருக்கிறது. எனவே ஜங்கிள் கிரீன் சட்டையில் தோளுக்குத்தான் அடர்ந்த பச்சை; அக்குளிலும் பௌச்சுக்கு (இடுப்புப் பட்டையில் மாட்டும் பைக்கு) கீழேயும் வெளிறிய பச்சை. ஈரம் முடியும் ஓரத்தை ஒரே கோடாக இழுக்காமல், பிரஷ் நுனியால் புள்ளி புள்ளியாக உடைத்தேன். நனைந்த துணி மின்னாது என்பதால் உடைக்கு மினுக்கில்லாத மேட் வார்னிஷ்தான்.

தளத்துக்கு ஃபோம் கட்டை, அதன் மேல் சலித்த மண், பிவிஏ பசை, கொஞ்சம் பிளாஸ்டர். மணிப்பூர் மலைப்பகுதி மண் இரும்புச் சத்துள்ள செம்மண், பள்ளத்தாக்கு வண்டல். இது மலைச்சாலை, ஆகவே சிவப்புக்கே போனேன். சேற்றில் லாரி அமிழாமல் இருக்கச் சாலைக்குக் குறுக்கே மரக்கட்டைகளை அடுக்குவார்கள். அதற்குக் காய்ந்த சுள்ளிகளைப் பதித்தேன். சக்கரம் ஏறும் இடத்தில் மட்டும் பட்டை உரிந்து வெளுத்திருக்கிறது.

ஆளைக் குத்தி நிறுத்திய பிறகே பூட்ஸைச் சுற்றிச் சேறு ஏற்றினேன். அப்போதுதான் கால் சேற்றின் மேல் நிற்காமல் உள்ளே புதைந்து நிற்கும். கணுக்கால் பட்டையில் நேற்றைய சேறு, வெளிறிய பிக்மென்ட் (நிறப்பொடி). அதற்குக் கீழே இன்றைய ஈரம், அதே பிக்மென்டில் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ் கலந்தது. தளத்துக்கும் பூட்ஸுக்கும் ஒரே கிண்ணத்துக் கலவை.

சக்கரத்தடத்தில் தேங்கும் நீருக்கு, இறுகினால் கண்ணாடி போலாகும் ரெசினை மெல்லிய அடுக்குகளாக ஊற்ற வேண்டும். ஆளுக்கும் தளத்துக்கும் மேட் வார்னிஷ் ஸ்பிரே முடிந்துவிட்டதால் இனி கிளாஸ் வேலையைத் தைரியமாகத் தொடரலாம். வரிசை மாறினால் மேட் வார்னிஷ் ஈரத்தையெல்லாம் தின்றுவிடும். மண்வாரித் தகட்டின் விளிம்புக்கு கிராஃபைட் பென்சில் தேய்ப்பதும், துப்பாக்கி வாரின் கொக்கியும் பாக்கி.