போடியாரின் இயந்திரமும் ஓட்டுநரின் தொலைபேசி இலக்கமும்

மட்டக்களப்பைத் தலைமையிடமாகக் கொண்டு கல்முனையிலும் அம்பாறை நகரிலும் கிளைகள் நடத்தும் விவசாய இயந்திர விற்பனை நிறுவனம் ஒன்றுக்குச் சி.ஆர்.எம். எனும் வாடிக்கையாளர் தொடர்பு முகாமைத்துவ மென்பொருள் அமைக்கும் முன், அதன் தேவைகளைத் திரட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. உரிமையாளர் ஒரு பட்டியலை ஆயத்தமாக வைத்திருந்தார்: விற்பனை வரைபடங்கள், கைப்பேசிச் செயலி, கிளைவாரி இலக்குகள். ஒவ்வொன்றையும் காட்டி, “இதைப் பார்த்து நீங்கள் என்ன முடிவெடுப்பீர்கள்?” என்று கேட்டேன். பதில் கிடைத்தவை பட்டியலில் நின்றன. மற்றவற்றை அவரே பின்னுக்குத் தள்ளினார்.

பட்டியலில் இல்லாதது அடிப்படையான ஒன்று: அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் யார்? கல்முனைக் கிளையின் உதிரிப்பாகக் கவுண்டரில் அமர்ந்திருந்தபோது, ஒருவர் லேண்ட்மாஸ்டர் எனும் இருசக்கர உழவு இயந்திரம் ஒன்றின் தேய்ந்த பெல்ட்டைக் கையில் கொண்டுவந்து புதியது வாங்கினார். பற்றுச்சீட்டில் அவர் பெயர் எழுதப்படவில்லை. காரணம் கேட்டதற்குக் கவுண்டர்த் தம்பி சொன்னார்: “மெசின் போடியார்ட சேர், காசும் அவர்தான் கட்டுவார். ஆனா போன் எடுக்கிறதெண்டா டிரைவருக்குத்தான் எடுக்கணும்.” போடியார் என்பவர் வயலின் சொந்தக்காரர். எந்தப் பாகம் நல்லது என்று தீர்மானிப்பவரோ மூன்றாமவரான மெக்கானிக். ஒரு பெயருக்கு ஒரு தொலைபேசி இலக்கம் என்ற அமைப்பில் மென்பொருளை நிறுவியிருந்தால், சேவைத் தவணையை நினைவூட்டும் செய்தி வயலுக்கே போகாத ஒருவருக்கும், கடன் நினைவூட்டல் கடனோடு சம்பந்தமே இல்லாத ஓட்டுநருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே பதிவின் மையத்தில் மனிதரை விட்டு இயந்திரத்தின் தொடர் இலக்கத்தை வைத்து, உரிமையாளர், ஓட்டுநர், மெக்கானிக் ஆகியோரை அதனோடு வெவ்வேறு பாத்திரங்களாக இணைக்க வேண்டும் என்பதே ஆவணத்தின் முதல் தேவையாயிற்று.

கடன் தவணை அதைவிடச் சிக்கலானது. மென்பொருள் கேட்பது ஒரு திகதி. கடையில் நடப்பது “வெள்ளாமை வெட்டினாப் பிறகு” என்ற உடன்பாடு. விதைப்பின் கடைசி நாளும் நீர் வழங்கும் நாட்களும் ஒவ்வொரு போகத்துக்கும் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுவதால், சேனாநாயக்க சமுத்திரம் எனும் நீர்த்தேக்கத்து நீரில் விளையும் வயலுக்கும் உன்னிச்சைக் குளத்து வயலுக்கும் அறுவடை ஒரே வாரத்தில் வர வேண்டியதில்லை. பெரும்போகம், சிறுபோகம் என்ற தெரிவையும் நீர்ப்பாசனப் பிரிவையும் பதிந்தால் தவணைத் திகதி தானாகக் கணிக்கப்பட வேண்டும், அது வெள்ளத்தால் பிந்தினால் அந்தப் பிரிவு முழுவதற்கும் ஒரே தடவையில் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று எழுதினோம். இத்தகைய தேவையை “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்ற கேள்வியால் பெற முடியாது என்பது என் கருத்து; கடைசியாகக் கடன் பிந்தியபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டால்தான் வெளிவரும்.

இரட்டைப் பதிவுகளைப் பெயரால் களைய இயலாது; முகம்மது, முஹம்மத், மொஹமட் என்று ஒரே பெயர் மூன்று இடங்களிலும் மூன்று விதமாகக் கிடந்தது. கடனுக்கு வாங்குவோரிடம் ஏற்கெனவே பெறப்படும் தேசிய அடையாள அட்டை இலக்கத்தை ஒருவரை இனங்காணும் சாவியாகக் கொண்டோம். 2016 முதல் வழங்கப்படும் புதிய இலக்கம் 12 இலக்கங்கள் கொண்டது. பழையதோ 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும். பழையதன் தொடக்கத்தில் உள்ள ஈரிலக்கப் பிறந்த ஆண்டுக்கு முன் 19 சேர்த்து, அதையடுத்து வரும் மூன்றிலக்க நாள் எண்ணுக்குப் பின் ஒரு பூச்சியத்தை இட்டு, எழுத்தை நீக்கினால் பழையது புதியதாகிவிடும் என்பதால் இந்த விதியையும் தேவையாகவே பதிந்தோம். ரொக்கத்துக்கு வாங்குபவரிடம் அட்டை கேட்பதில்லை என்பதையும் சேர்த்தோம். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது தேவையற்ற தகவலைத் திரட்டி வைப்பது வீண் வில்லங்கம்.

குறுஞ்செய்தி விடயம் சுருக்கமானது. ஆங்கில எழுத்தில் 160 குறிகள் அடங்கும் ஒரு செய்தியில் தமிழோ சிங்களமோ எழுதினால் 70தான் அடங்கும். உரிமையாளர் விரும்பிய நீண்ட பெருநாள் வாழ்த்துக்கு மூன்று மடங்குக் கட்டணம் என்று கணக்குக் காட்டியதும் வாழ்த்து சுருங்கியது.

ஒரு கேள்விக்கு மட்டும் ஆவணத்தில் விடை எழுதவில்லை. கல்முனையில் விசாரித்துவிட்டு அம்பாறையில் இயந்திரம் வாங்குபவருக்கான தரகுப்பணம் எந்தக் கிளை விற்பனையாளருக்கு? இரு கிளை முகாமையாளர்களும் மென்பொருளே அதைத் தீர்க்கட்டும் என்றார்கள். அது சம்பளக் கொள்கை. மென்பொருள் அமைப்பவர் தீர்மானிக்கக் கூடாதது. அதனால் அந்த வரிக்கு எதிரே உரிமையாளரின் பெயரையும் பதில் தர வேண்டிய திகதியையும் எழுதி, அவர் ஒப்பமிடும் வரை விற்பனைப் பிரிவை அமைக்கும் வேலை தொடங்காது என்று குறித்தேன்.