பழைய அகாய் சாம்ப்ளரில் ஸ்கஸி டிஸ்க்: ஐடி, டெர்மினேட்டர், 60 எம்பி பார்ட்டிஷன்

அகாய் எஸ்2000, எஸ்3000எக்ஸ்எல் வகை சாம்ப்ளர் (ஒலியைப் பதிந்து இசைக்கருவிபோல வாசிக்க உதவும் பெட்டி) ஒன்று கையில் இருந்தால், அதன் ஃப்ளாப்பி டிரைவை நம்பி வேலை செய்ய முடியாது. டிரைவ் நல்ல நிலையில் இருந்தாலும் ஒரு ஃப்ளாப்பியில் 1.6 எம்பிதான் கொள்ளும். மெமரி 32 எம்பி இருந்தால் அதை ஒரு முறை நிரப்பவே இருபதுக்கு மேல் ஃப்ளாப்பி மாற்ற வேண்டும். அந்த 32 எம்பி என்பதும் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஏறக்குறைய 190 விநாடி ஒலிதான். ஆகவே பின்பக்கத்தில் இருக்கும் ஸ்கஸி இணைப்பை, அதாவது டிஸ்க் போன்றவற்றைக் கோர்க்கும் பழைய இணைப்பைச், சரியாகப் பயன்படுத்தத் தெரிந்துகொள்வது அவசியம்.

இப்போது பெரும்பாலோர் சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்டி கார்டு போர்டு ஒன்றைப் பொருத்துகிறார்கள். ஸ்கஸி2எஸ்டி, சூலுஸ்கஸி, ப்ளூஸ்கஸி மூன்றும் பரவலாகக் கிடைப்பவை. பொருத்தியதும் சாம்ப்ளர் 'டிஸ்க் இல்லை' என்று சொன்னால் உடனே போர்டின் மேல் பழி விழுகிறது. போர்டு கெட்டிருப்பது அபூர்வம். ஐடி (ஒவ்வொரு கருவியின் அடையாள எண்), டெர்மினேட்டர் (கம்பி முனையில் சிக்னலை அடக்கும் பகுதி), செக்டர் அளவு (டிஸ்கில் எழுதும் துண்டின் அளவு) என்ற வரிசையில் பார்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் பிடிபட்டுவிடும்.

ஐடியிலிருந்து தொடங்கலாம். ஒரே கேபிளில் கோர்த்த கருவிகள்தான் ஸ்கஸி வரிசை. 8 பிட் ஸ்கஸி வரிசையில் 0 முதல் 7 வரை எட்டு எண்கள் உண்டு. சாம்ப்ளரும் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாம்ப்ளரின் டிஸ்க் அமைப்பில் இரண்டு எண்கள் தனித்தனியே இருக்கும்: சாம்ப்ளரின் சொந்த ஐடி ஒன்று, அது தேடிப்போகும் டிஸ்கின் ஐடி மற்றொன்று. அகாயில் சொந்த ஐடி வழக்கமாக 6. அதே 6ஐ டிஸ்குக்கும் கொடுத்துவிட்டால் சாம்ப்ளர் டிஸ்கைக் காணாது, சில சமயம் அப்படியே உறைந்தும் போகும். கர்ஸ்வெயில் கே2000 என்ற கீபோர்டும் 6இல்தான் வரும் என்பதால், இரண்டையும் ஒரே வரிசையில் மாட்டுபவர்கள் ஒன்றை மாற்றியாக வேண்டும். கணினியின் ஸ்கஸி கார்டு பெரும்பாலும் 7. அதை அப்படியே விட்டுவிடுங்கள். டிஸ்குக்கு 0 முதல் 5 வரை எது காலியோ அது.

பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஐடியை மூன்று ஜம்பர்கள் (இரண்டு ஊசிகளை இணைக்கும் சிறு மூடிகள்) தீர்மானிக்கும். அவற்றின் மதிப்பு 4, 2, 1. ஐடி 5 வேண்டுமானால் 4இலும் 1இலும் ஜம்பர் போட வேண்டும். ஜம்பரை மாற்றியபின் மின்சாரத்தை அணைத்துப் போட்டால்தான் டிரைவ் புது எண்ணை எடுத்துக்கொள்ளும். வெளியே வைக்கும் ஸ்கஸி ஜிப் 100 டிரைவுக்கு (கழற்றி மாற்றும் டிஸ்க் கொள்வது) இந்தச் சுதந்திரம் கிடையாது. அதன் சுவிட்சில் 5, 6 என்ற இரண்டு எண்கள் மட்டுமே இருக்கும். சாம்ப்ளர் 6இல் இருந்தால் ஜிப் 5க்குத்தான் போக வேண்டும்.

ஜிப்பைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. அதே வடிவத்தில், அதே 25 ஊசி இணைப்போடு, பிரிண்டர் போர்ட்டுக்கான ஜிப் டிரைவும் விற்கப்பட்டது. பழைய பொருள் வாங்கும்போது பின்பக்கம் 5/6 சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்ச் இருந்தால்தான் அது ஸ்கஸி. கேபிளிலும் இதே குழப்பம் உண்டு. பிரிண்டர் கேபிள் ஸ்கஸி சாக்கெட்டில் அழகாகப் பொருந்தும், ஆனால் உள்ளே கம்பிகள் ஓடும் விதமே வேறு. ஸ்கஸி கேபிள்களை ஒரு பையில் தனியே போட்டு எழுதி வைப்பது நல்லது. எந்தக் கேபிளையும் சாம்ப்ளர், டிரைவ் இரண்டும் அணைந்திருக்கும்போது மட்டும் மாட்டுங்கள், கழற்றுங்கள். ஓடும்போது பிடுங்கினால் உள்ளே இருக்கும் ஸ்கஸி சிப் போய்விடக்கூடும், அந்தச் சிப்புக்கு மாற்று தேடி அலைவது பெரும்பாடு.

அடுத்தது டெர்மினேட்டர். இதில்தான் அதிக நேரம் வீணாகிறது. விதி என்னவோ எளியதுதான்: வரிசையின் இரண்டு முனைகளிலும் டெர்மினேட்டர் இருக்க வேண்டும், நடுவில் எங்கும் இருக்கக் கூடாது. கம்பியின் முனையை அடையும் சிக்னல் அங்கே அடங்கிப்போக வேண்டும். அடங்காமல் திரும்பி வந்தால் அடுத்த பிட்டோடு கலந்துவிடும். பழைய வகையில் ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் டெர்மினேட்டர் மின்சாரத்தை நோக்கி 220 ஓம், தரையை (கிரவுண்டை) நோக்கி 330 ஓம் இருக்கும். 'ஆக்டிவ்' வகையில் ஒரு ரெகுலேட்டர் 2.85 வோல்ட்டை உண்டாக்கி 110 ஓம் வழியாகக் கொடுக்கிறது. இரண்டில் எதை வாங்குவது என்று கேட்டால், தயங்காமல் ஆக்டிவ் என்பேன்.

ஒரே ஒரு ஸ்கஸி சாக்கெட் உள்ள சாம்ப்ளர்கள் பலவற்றில் டெர்மினேட்டர் உள்ளேயே போர்டில் இருக்கும். அப்படியானால் சாம்ப்ளர் எப்போதும் ஒரு முனைதான்; மறு முனையில் எஸ்டி போர்டு, அதில் டெர்மினேட்டர் ஆன். நேரான விஷயம். சிக்கல் வருவது உள்ளே ஒரு டிஸ்க், வெளியே ஒரு டிரைவ் என்று இரண்டும் வைக்கும்போது. அப்போது சாம்ப்ளர் நடுவில் வந்துவிடுகிறது. உள் டிஸ்க் ஒரு முனை, வெளி டிரைவ் மறு முனை. சாம்ப்ளர் போர்டில் உள்ள டெர்மினேட்டரைக் கழற்றவோ அணைக்கவோ வேண்டும். அதைச் செய்யாமல் மூன்று டெர்மினேட்டரோடு ஓட்டினால் முதலில் வேலை செய்வதுபோலத்தான் தெரியும். பெரிய சாம்பிள் ஏற்றும்போது பாதியில் நிற்கும்.

சாம்ப்ளருக்குள் டெர்மினேட்டர் இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் அணைத்து, கேபிளைக் கழற்றி, ஒரு டேட்டா கம்பிக்கும் தரைக்கும் நடுவில் ஓம் அளவுங்கள். ஆப்பிள் முறையிலான 25 ஊசி சாக்கெட்டில் டேட்டா 0 எட்டாவது ஊசி, ஒன்பதாவது தரை. உள்ளே 50 ஊசி இணைப்பு இருந்தால் டேட்டா 0 இரண்டாவது ஊசி. பழைய 220/330 வகை ஒன்று இருந்தால் 130 முதல் 140 ஓம் வரை காட்டும். கேபிளோடு மொத்த வரிசையையும் மாட்டி அளந்தால், அதே வகை இரண்டு இருக்கும்போது அதில் பாதி, 65 முதல் 70. அதற்கும் கீழே போனால் எங்கோ மூன்றாவது ஒளிந்திருக்கிறது. ஆக்டிவ் வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மின்சாரம் போட்டு, டிஸ்க் ஓடாத நேரத்தில் அதே கம்பியில் வோல்ட் பார்த்தால் 2.6க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆனால் ஒரே ஒரு டெர்மினேட்டர் இருந்தாலும் இதே வோல்ட்தான் வரும். பழைய வகையில் எண்ணிக்கையை ஓம்தான் சொல்லும்.

டெர்மினேட்டருக்கான மின்சாரம் வருகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். 25 ஊசியில் அது 25ஆவது ஊசி, 50 ஊசியில் 26ஆவது. இந்தக் கம்பியில் பெரும்பாலும் ஒரு டயோடும் ஒரு ஃப்யூஸும் இருக்கும். யாராவது முன்பு தவறான கேபிள் மாட்டியிருந்தால் அந்த ஃப்யூஸ் போயிருக்கும். சாம்ப்ளர் மற்ற எல்லாவற்றிலும் நலமாக இருக்கும், ஸ்கஸி மட்டும் வேலை செய்யாது. எஸ்டி போர்டு இந்த மின்சாரத்தை நம்பியே ஓடுகிறது என்றால், டயோடு தாண்டி வரும்போது 5 வோல்ட் இன்னும் குறைந்திருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எழுதும்போது மட்டும் போர்டு தானாக மறுதொடக்கம் ஆனால் காரணம் இதுதான். யுஎஸ்பி வழியாகவோ நான்கு ஊசி பவர் இணைப்பு வழியாகவோ தனி மின்சாரம் கொடுங்கள்.

உள்ளே 50 கம்பிப் பட்டைக் கேபிள் மாட்டும்போது சிவப்புக் கோடு முதல் ஊசிப் பக்கம் வர வேண்டும். ஸ்கஸியில் ஒற்றைப்படை ஊசிகள் எல்லாம் தரை, 25ஆவது மட்டும் விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. கேபிளைத் தலைகீழாக மாட்டினால் டெர்மினேட்டர் மின்சாரம் அந்த வெற்று ஊசியில் போய் நிற்கும், தரையோடு முட்டாது. நல்ல யோசனை, ஆனால் 25ஐயும் தரையோடு இணைத்த போர்டுகளும் உண்டு. நம்பி இருக்க வேண்டாம்.

கேபிள் நீளத்துக்கு விதிப்படி 6 மீட்டர் வரை இடம் உண்டு. ஒரு சாம்ப்ளருக்கும் ஒரு போர்டுக்கும் அரை மீட்டரே தாராளம்.

இப்போது போர்டின் அமைப்புகள். ஸ்கஸி2எஸ்டியைக் கணினியில் யுஎஸ்பி வழியாக இணைத்து அதன் அமைப்பு நிரலில் திறந்தால் நிறையத் தேர்வுகள் தெரியும். பழைய சாம்ப்ளருக்கு நான் சொல்லும் தொடக்க நிலை இது: பாரிட்டி ஆன், யூனிட் அட்டென்ஷன் ஆஃப், ஸ்கஸி2 முறை ஆஃப், தொடக்கத் தாமதம் 0, போர்டு முனையில் இருந்தால் டெர்மினேட்டர் ஆன். யூனிட் அட்டென்ஷன் என்பது, மின்சாரம் வந்ததும் 'நான் புதிதாக எழுந்திருக்கிறேன்' என்று டிஸ்க் சொல்லும் ஒரு பதில். அதை எதிர்பார்க்காத பழைய சாம்ப்ளர் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளும். பாரிட்டியை முதலிலேயே அணைக்கச் சொல்வோர் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. பிழையைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பைட்டோடும் போகும் அந்த ஒரு பிட் இல்லையென்றால், கேபிளில் புரண்ட பிட் யாருக்கும் தெரியாமல் சாம்பிளுக்குள் போய் 'டிக்' என்று கேட்கும். சாம்ப்ளரோ டிரைவோ பாரிட்டி அனுப்பாத வகை என்று உறுதியானால் மட்டும் அணையுங்கள்.

டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஐடி, வகை, செக்டர் அளவு, தொடக்க செக்டர், செக்டர் எண்ணிக்கை என்று கொடுக்க வேண்டும். செக்டர் அளவு 512. 500 எம்பி டிஸ்க் என்றால் எண்ணிக்கை 10,24,000. முதல் டிஸ்க் 0இல் தொடங்கினால் இரண்டாவது 10,24,000இல் தொடங்க வேண்டும். இதைக் கையால் அடித்து ஒரு சைபரை விட்டுவிட்டால் இரண்டு டிஸ்க்கும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும்: ஐடி 1இல் சேமித்தது ஐடி 0இல் இருந்ததை அழிக்கும், சாம்ப்ளரில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. தொடக்கத்தைத் தானே கணக்கிடும் தேர்வு நிரலில் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

இந்தப் போர்டு கார்டில் நேரடியாக எழுதுகிறது, கோப்பு எதுவும் இல்லை. அதனால் கார்டைக் கணினியில் செருகினால் விண்டோஸ் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். சரி என்று அழுத்தினால் சாம்பிள்கள் போய்விடும்.

சூலுஸ்கஸியும் ப்ளூஸ்கஸியும் இதற்கு நேர் எதிர். அவற்றுக்குக் கார்டு எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்எஃப்ஏடி முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும். டிஸ்க் என்பது அதில் இருக்கும் ஒரு கோப்பு. கோப்பின் பெயரே அமைப்பு. ஹார்ட் டிஸ்கைக் குறிக்கும் எச், டி என்ற இரண்டு எழுத்துகள், அடுத்து ஐடி எண், அடுத்து 0, ஒரு அடிக்கோடு, 512. சிடிராம் என்றால் சி, டி. ஐடியை மாற்ற வேண்டுமானால் கோப்பின் பெயரை மாற்றினால் போதும். கார்டில் போர்டு ஒரு பதிவுக் கோப்பையும் எழுதி வைக்கும். எந்த ஐடியில் எந்தக் கோப்பு திறந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். கோளாறு என்றால் முதலில் அதைப் படியுங்கள். கோப்பு கார்டில் துண்டுதுண்டாகக் கிடந்தால் வேகம் குறையும், ஆகவே புதிதாக ஃபார்மேட் செய்த கார்டில் டிஸ்க் கோப்புகளை முதலில் போட்டுவிடுவது நல்லது.

ஃபார்மேட்டுக்கு வருவோம். எஸ்1000, எஸ்3000 வரிசையின் முறை அகாயின் சொந்த முறை; கணினி அதை அறியாது. டிஸ்கைப் பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும், ஒரு பார்ட்டிஷன் அதிகபட்சம் 60 எம்பி. பெயர்கள் ஏ, பி, சி என்று போகும். 500 எம்பி டிஸ்கில் எட்டு முழுப் பார்ட்டிஷன்கள், 480 எம்பி. ஜிப் 100இல் உண்மையில் 96 எம்பிதான் இருப்பதால் ஒரு 60, ஒரு 36. சாம்ப்ளரின் ஒரு நிரலும் (சாம்பிள்களை எப்படி வாசிப்பது என்ற அமைப்பு) அதன் சாம்பிள்களும் பார்ட்டிஷன் எல்லையைத் தாண்டிப் படுக்க முடியாது. ஆகவே மெமரி முழுக்க நிறையும் 32 எம்பித் தொகுப்புகளை வைத்திருப்பவர், ஒரு பார்ட்டிஷனில் ஒன்றைத்தான் வைக்க முடியும். மிச்சம் 28 எம்பி சின்ன டிரம் தொகுப்புகளுக்கு. இதை முன்பே யோசித்து ஏயில் டிரம், பியில் தந்திக் கருவி என்று பிரித்துக்கொண்டால், பின்னால் தேடும் நேரம் மிச்சமாகும். பெயர்கள் 12 எழுத்துக்குள் அடங்க வேண்டும்.

32 ஜிபி கார்டு வாங்கிவிட்டோமே என்று பெரிய டிஸ்க் அமைப்பது தவறு. 500 எம்பி அளவில் நான்கு டிஸ்க்குகளை ஐடி 0 முதல் 3 வரை அமைத்து, சாம்ப்ளரில் டிஸ்க் ஐடியை மாற்றி மாற்றி எடுப்பதுதான் இந்தக் கருவிக்கு ஏற்ற வழி.

எம்ஓ (காந்த-ஒளி) டிஸ்க் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது செக்டர் அளவு. 128, 230, 540 எம்பி வகைகள் 512 பைட். 640 எம்பி வகை 2048 பைட். 512 மட்டும் தெரிந்த சாம்ப்ளரில் 640ஐப் போட்டால் டிரைவைக் காணும், டிஸ்கை ஃபார்மேட் செய்ய முடியாது. டிரைவில் கோளாறு இல்லை. 540க்கு மாறினால் சரியாகிவிடும்.

எல்லாம் அமைந்தபின் ஒரு சோதனை செய்யுங்கள். மெமரியை முழுதாக நிரப்பிச் சேமித்து, சாம்ப்ளரை அணைத்துப் போட்டு, திரும்ப ஏற்றி, ஹெட்ஃபோனில் கேளுங்கள். பட்டியல் சரியாக வந்து ஏற்றும்போது பாதியில் நின்றால் மறுபடி டெர்மினேட்டரைப் பாருங்கள். ஏறிவிட்டது, ஆனால் அங்கங்கே 'டிக்' கேட்கிறது என்றால் கேபிளை மாற்றுங்கள். முதல் சில பார்ட்டிஷன்கள் சரி, பின்னால் உள்ளவை குப்பை என்றால் கார்டு போலி. மேலே அச்சிட்ட கொள்ளளவு உள்ளே இருக்காது.

சோதனை தேறியதும் கார்டை எடுத்து, ஸ்கஸி2எஸ்டி என்றால் முழுக் கார்டையும் ஒரே இமேஜ் கோப்பாக, மற்ற இரண்டு என்றால் டிஸ்க் கோப்புகளை அப்படியே, கணினியில் நகலெடுத்து வையுங்கள். அகாய் ஃபார்மேட்டைப் படிக்கத் தெரிந்த அகாய்யூட்டில் என்ற நிரலில் அந்த இமேஜைத் திறந்தால், சாம்பிள்களை வேவ் கோப்புகளாகவும் வெளியே எடுக்கலாம்.