சூடானால்தான் தெரியும் கோளாறு

என் கேமிங் லேப்டாப்பின் கோளாறு சூடேறினால்தான் வெளியே வரும். சர்வீஸ் சென்டரில் அதை யாரும் சூடேற்றுவதில்லை. வாரண்டி வருடத்தில் பாதி இந்த இரண்டுக்கும் நடுவிலேயே கரைந்துவிட்டது.

நடப்பது இதுதான். சார்ஜரைச் செருகி விளையாட ஆரம்பித்தால் முதல் இருபது நிமிடம் ஒரு குறையும் இல்லை. பிறகு திரை ஒரு கணம் உறைந்து கறுக்கும், ஃபேன் உச்சத்தில் அலறும், மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகும். 3டி ரெண்டர் போட்டாலும் இதே கதைதான். பிரவுசரும் படமும் மட்டும் என்றால் நாள் முழுக்க ஓடும்.

முதலில் விண்டோஸை ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். அடுத்து சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டை மாற்றினார்கள். அதன் பிறகு மதர்போர்டு. இடையிடையே அவர்கள் எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் "சோதித்ததில் கோளாறு இல்லை" என்ற வரி. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். கொடுத்தவர் பொய் சொல்கிறார் என்பதைத்தான் அது மரியாதையாகச் சொல்கிறது.

அவர்கள் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. மெஷினை ஆன் செய்து, கம்பெனியின் டயக்னாஸ்டிக் புரோகிராமை ஓட்டி, எல்லாம் பச்சை என்றால் மூடிவிடுகிறார்கள். இந்த வகை லேப்டாப்பில் கிராபிக்ஸ் இரண்டு. சாதாரண வேலைகளைப் பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸே பார்த்துக்கொள்ளும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, கேமுக்கான பெரிய கிராபிக்ஸ் சிப் தூங்கிக்கொண்டிருக்கும். டெஸ்க்டாப் திரையைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் பழுதான பாகம் விழிக்கவே விழிக்காது.

விண்டோஸ் தன் பிழைகளை எண் போட்டுக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைக் காட்டினேன். முதலில் 4101, டிஸ்ப்ளே டிரைவர் பதில் தரவில்லை என்று. உடனே கெர்னல்-பவர் 41. கவுன்டரில் இருந்தவர் அந்த 41-ஐ மட்டும் பிடித்துக்கொண்டார். "பவர்னு போட்டிருக்கே, உங்க வீட்டு கரண்ட்தான் பிரச்சினை" என்றார். அந்த எண், மெஷின் முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. கரண்ட் போனால் பேட்டரியில் ஓட வேண்டிய மெஷின் ஏன் அணைகிறது என்று கேட்டேன். பதில் வரவில்லை.

மதர்போர்டு மாற்றியது தனித் தலைவலி. போர்டு மாறினால், டிரைவைத் திறக்கும் கீயைக் காக்கும் டிபிஎம் சிப்பும் அதோடு போய்விடும். பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு போட்ட டிரைவ் புதுப் போர்டை நம்பாமல் 48 இலக்க ரிகவரி கீ கேட்டு நின்றது. கீ என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்ததால் ஃபைல்கள் தப்பின. இதை முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கீயைக் குறித்து வைக்காதவர் வருடக்கணக்கில் சேர்த்த வேலையை அங்கேயே இழந்திருப்பார்.

புதுப் போர்டிலும் கோளாறு திரும்பியது. இந்தத் தடவை ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற வெப்பம் அளக்கும் புரோகிராமை ஓடவிட்டு, விநாடிக்கு விநாடி ஃபைலில் பதிய வைத்தேன். கிராபிக்ஸ் சிப்பின் பொதுவான வெப்பம் 78 டிகிரி. அதே நொடியில் ஹாட்ஸ்பாட், அதாவது சிப்பின் மிகச் சூடான புள்ளி, 104. அடுத்த வரியே இல்லை, மெஷின் அணைந்திருந்தது. சிப்பின் மேல் சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் ஹீட்சிங்க் சீராக உட்காராவிட்டால் இப்படி ஒரு மூலை மட்டும் கொதிக்கும். போர்டு எத்தனை தடவை மாறினாலும் அதே ஹீட்சிங்க்கைத்தான் திரும்பப் பூட்டுகிறார்கள்.

வெப்பம் ஏறி இறங்கி ஏறி இறங்கியே சிப்பின் இணைப்புகள் விரிசல் விடுவது இந்தத் துறைக்குப் புதிதல்ல. 2008 ஜூலையில் கிராபிக்ஸ் சிப் கம்பெனியான என்விடியா, தன் பழைய லேப்டாப் சிப்களில் பேக்கேஜிங் பொருள் பலவீனமாக இருந்ததற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. என் மெஷினுக்கும் அதே நோய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சூட்டில் மட்டும் வரும் பழுதைச் சூட்டில்தான் தேட வேண்டும் என்பது தெரிந்த விஷயம்.

கடைசியாகப் போனபோது மெஷினைக் கொடுக்கவில்லை. "என் முன்னாடியே ஓட்டிப் பாருங்க, நான் உட்காந்திருக்கேன்" என்றேன். உள்ளேயிருந்து ஓர் இளைஞர் வந்தார். பொறுமைசாலி. சார்ஜரைச் செருகி, கிராபிக்ஸ் சிப்பை முழு வேகத்தில் ஓட்டும் ஃபர்மார்க்கையும் பிராசஸர் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டையும் சேர்த்து ஓட்டினார். கீபோர்டின் நடுவில் கை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் திரை கறுத்தது. "ஆமா சார், போகுது" என்றார். அந்த மூன்று வார்த்தைக்காகத்தான் இத்தனை மாதமாக அலைந்திருக்கிறேன்.

அதை ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொன்னேன்: எந்த டெஸ்ட், எவ்வளவு நேரம், என்ன ஆனது, அவர் கையெழுத்து. போட்டோ எடுத்து, பழைய ஜாப் ஷீட்டுகளோடும் வெப்பப் பதிவோடும் சேர்த்து, இனி ரிப்பேர் வேண்டாம், மெஷினை மாற்றிக் கொடுங்கள் என்று தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டேன். அதுவரை "பார்க்கிறோம்" என்றே சொன்னவர்கள் மாற்றித்தர ஒப்புக்கொண்டார்கள்.

மாற்று மெஷினுக்கு வாரண்டி என்றைக்கிலிருந்து கணக்கு என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். பழைய மெஷினின் மிச்ச மாதங்கள் மட்டும்தான் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கழிந்த மாதங்களில் லேப்டாப் என் மேசையைவிட அவர்கள் அலமாரியில்தான் அதிகம் இருந்தது. பதில் இன்னும் வரவில்லை.