24 குதிரைத்திறனா 27-ஆ: தென்னந்தோப்புக்கு ஒரு சின்ன டிராக்டர்

ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் தென்னை. 25 அடிக்கு ஒரு மரம், நடுவில் கோக்கோ. அப்பா இருந்தவரை வாடகை டிராக்டர்தான். கோக்கோ வளர்ந்த பிறகு பெரிய வண்டி உள்ளே நுழைந்தால் கிளை முறிகிறது, திருப்பும் இடத்தில் மரத்தில் உரசுகிறது. அதனால் நாலு வருடம் முன்பு, வேறொருவர் ஓட்டிய 18 குதிரைத்திறன் சின்ன டிராக்டர் ஒன்றை வாங்கினேன். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அதில் மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை, நாலடி அகலத்தில், மாட்டினேன்.

இரண்டு வருடத்தில் கிளட்ச் பிளேட் இரண்டு முறை போனது. வேர் அடர்ந்த இடம் வந்தாலே எஞ்சின் திணறும், வண்டி நின்றுவிடாமல் இருக்க நான் கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டே ஓட்டுவேன். இரண்டாம் முறை பிரித்துப் பார்த்த மெக்கானிக் சொன்னார்: "அம்மணி, இது கிளட்சோட குத்தம் இல்லைங்க. எஞ்சினுக்கு இல்லாத தெம்பைக் கிளட்ச் சுமந்திருக்குது."

அதுவரை வண்டி நீடித்து உழைப்பது ஒரு பக்கம், பவர் ஒரு பக்கம் என்று நினைத்திருந்தேன். வேலைக்குப் போதாத எஞ்சின் எவ்வளவு நல்ல இரும்பில் செய்திருந்தாலும் நீடிக்காது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

இந்த முறை புதிதாகவே வாங்குவது என்று முடிவானபோது, கடைசியில் நின்றவை இரண்டு. மஹிந்திரா ஜீவோ 245, 24 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர். குபோட்டா நியோஸ்டார் பி2741, 27 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர். இரண்டுமே நாலு சக்கரமும் இழுப்பவை. தம்பிக்கு 27 தான் வேண்டும். "மூணு கூடக் கிடைக்குதே அக்கா" என்றான்.

ஆனால் ரோட்டவேட்டர் எஞ்சினிலிருந்து நேரடியாகச் சுற்றுவதில்லை, பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றுவதற்கென்றே இருக்கும் பிடிஓ தண்டிலிருந்து சுற்றுகிறது. வழியில் கியர்களில் கொஞ்சம் போய்விடும். அதனால் எனக்குக் கணக்கு பிடிஓவில் வந்து சேரும் அளவுதான். ஜீவோவில் அது 22. மற்றதில், எஞ்சின் பெரிதாக இருந்தும், அதைவிடக் குறைவு. கடையில் இதை நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார்கள். தயவுசெய்து கேளுங்கள்.

இன்னொன்று, சுற்று வேகம். குபோட்டா தன் முழுத்திறனைக் காட்டுவது நிமிடத்துக்கு 2600 சுற்றில், ஜீவோ 2300-இல். குதிரைத்திறன் என்பதே முறுக்குவிசையையும், அதாவது தண்டைத் திருகும் பலத்தையும், சுற்றையும் பெருக்கி வருவது. அதே திறன் குறைந்த சுற்றில் வந்தால், திருகும் பலம் அதிகம் என்று அர்த்தம். நாள் முழுக்க வேர்மண்ணில் ஓட்டுகிறவளுக்கு, குறைந்த சுற்றிலேயே இழுத்துப் போகும் எஞ்சின்தான் வேண்டும். மூன்று சிலிண்டரில் அதிர்வு குறைவு என்பதை மறைக்கமாட்டேன். ஓட்டிப் பார்த்தபோது கைக்கு அவ்வளவு சுகமாக இருந்தது, அரைநாள் மனசு மாறிக்கூடப் போனேன்.

அப்புறம் உதிரி பாகம். ஜீவோவுக்குப் பொள்ளாச்சியிலேயே கிடைக்கிறது. பருவத்தில் ஒரு வாரம் வண்டி நின்றால் களை மேலே வந்துவிடும், அப்புறம் எத்தனை குதிரை இருந்து என்ன? ஜீவோவையே எடுத்தேன். ரோட்டவேட்டரை மட்டும் மூன்றரை அடியாகக் குறைத்துக்கொண்டேன். ஒரு சால் கூடுதலாக ஓட்ட வேண்டியிருக்கிறது, பரவாயில்லை. மட்டை தூளாக்கும் மெஷினுக்கு இது பத்தாது. அதற்கு இப்போதும் பெரிய வண்டியை வாடகைக்குத்தான் கூப்பிடுகிறேன், தோப்புக்கு வெளியே களத்தில் நிறுத்தி.

மீட்டரில் 340 மணி நேரம் ஆகிவிட்டது. கிணற்றோரம் கெட்டிப்பட்ட செம்மண்ணில் போன வாரம் ஓட்டினேன். எஞ்சின் சத்தம் ஒரு நொடி கனத்தது, பிறகு தானே எழுந்து நடந்தது. என் கால் கிளட்ச் பக்கம் போகவே இல்லை.